உழுந்து அரைத்தால் தெரு மங்கும்

எங்கள் வீட்டில் உழுந்து ஊறினால், மறுநாள் மத்தியானம் கீழ்வீட்டுத் தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் போட்டி ஓடுகிறவர் மெலிந்துபோவார். மந்திரம் ஒன்றும் இல்லை. மின்சாரம்தான். ஆனால் எண்பதுகளின் நடுவில், சுவிஸில், சோலோதுர்னுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில், மூன்றாம் மாடியில் குடியிருந்த எனக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் மாசி மாதக் குளிரில் ஆறு நாள் பச்சைத்தண்ணீரில் குளித்திருக்க மாட்டேன்.

அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஒன்று நான், மற்றது பருத்தித்துறை அண்ணை. அண்ணைக்கு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. எனக்கு முதியோர் இல்லத்தில் நிலம் துடைக்கிற வேலை. இருவருமே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள். அண்ணை தன் விசாரணைகளை முடித்துவிட்டார். எனக்கு இரண்டாவது விசாரணை மூன்று கிழமையில் இருந்தது. அதில் நான் சொல்வதை நம்பினால் இருக்கலாம், நம்பாவிட்டால் விமானம். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். அந்த நாட்களில் நான் செய்த ஒவ்வொரு மடைத்தனத்துக்கும் பின்னால் அந்த விமானத்தின் இரைச்சல் இருக்கிறது.

அப்போது எங்கள் ஆட்களிடையே ஒரு கதை உலாவியது. ஃப்ரிபூர்க்கில் ஒருவரை விசாரணையில் வைத்து, "ஏன் செவ்வாய்க்கிழமை போடவேண்டிய குப்பைப் பையைத் திங்கட்கிழமையே வெளியில் வைத்தாய்?" என்று கேட்டார்களாம். அயலவர் எழுதும் ஒவ்வொரு முறைப்பாடும் நேரே எங்கள் ஃபைலுக்குள் போகிறதாம். அந்த ஒருவரை யாரும் கண்டதில்லை. அதனால் என்ன? பயத்துக்குச் சாட்சி தேவையில்லை.

இந்த நிலைமையில்தான் கிறைண்டர் வந்தது. ஓர்லிகோனில் இருந்த ஓர் இந்தியத் தமிழ்க் குடும்பம் ஊருக்குத் திரும்பியது. அந்த வீட்டு அம்மா தன் கோயம்புத்தூர் கிறைண்டரை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகத் தேடினார். அண்ணைக்குச் செய்தி கிடைத்தது. நாங்கள் போனபோது அந்த அம்மா கல்லைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பாத்துக் கொண்டு போங்க. இது என் கல்யாணத்துக்கு வந்தது. மோட்டார் மட்டும் கொஞ்சம் அடம் பிடிக்கும். கையால ஒரு தள்ளு தள்ளிவிட்டீங்கன்னா ஓடிரும்."

அதை ஒரு பழைய பிள்ளை வண்டிலில் வைத்து, மேலே கம்பளியால் மூடி, ரயிலில் கொண்டு வந்தோம். எதிர் ஆசனத்துக் கிழவி எட்டிப் பார்த்துப் புன்னகைத்தார். அண்ணையும் பெருமையாகப் புன்னகைத்தார். பிள்ளை முப்பது கிலோ.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் தோசை, வடை. ஞாயிறு முடியாது, இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தாலே அயல் வீட்டு யன்னல் திறக்கும். சனி ஒன்றரை மணிக்கு அண்ணை உழுந்தைக் கொட்டி சுவிட்சைப் போடுவார். மோட்டார் "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டு நிற்கும். குசினி விளக்கு மங்கி, பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வரும். அண்ணை கல்லை ஒரு தள்ளுத் தள்ளுவார். கல் சுழலும், விளக்கு துள்ளி எழும்பும். பிறகு மாவு இறுக இறுக விளக்கும் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

எங்களுக்கு அது ஒரு விடயமாகவே தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் மங்காத விளக்கை நாங்கள் எங்கே கண்டோம்? அங்கே விளக்கு நேராக எரிந்தால்தான் ஏதோ பிழை என்று எழும்பிப் பார்ப்போம்.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. ஊர் மின்சாரக் கந்தோரிலிருந்து, எங்கள் கட்டடத்தில் இருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே கடிதம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பொலிஸ் வாக்குமூலம் வாசிப்பதுபோல் வாசித்தேன். விளக்குகள் நடுங்குவதாக முறைப்பாடு வந்திருக்கிறது. திங்கட்கிழமை நிலவறையில் ஒரு அளவிடும் கருவி பொருத்தப்படும். அது ஏழு நாள் இருக்கும். குடியிருப்பவர்கள் வழமைபோல மின்சாரத்தைப் பயன்படுத்தவும்.

"வழமைபோல!" என்றேன். "கண்டியளோ அண்ணை அவங்கட கெட்டித்தனத்தை? பொறி வைச்சிட்டு, எலியாரே வழமைபோல வாரும் எண்டு கடிதம் போடுறாங்கள்."

அண்ணை கிறைண்டரைப் பார்த்தார். "உதாலதான் விளக்கு நடுங்குதெண்டு சொல்லுறியோ?"

"பின்னை? பக்கத்து வீட்டுக்காரர் அரைக்கினமோ உழுந்து?"

"சரி, அதுக்கு என்ன செய்யப் போறாங்கள்? கல்லுக்கு விசா கேப்பாங்களோ?"

"கல்லுக்கு இல்லை, எனக்கு! கீழ்வீட்டு அம்மா முறைப்பாடு எழுதியிருக்கிறா. கருவி பதியும். பதிஞ்ச தாள் ஃபைலுக்குப் போகும். விசாரணையில விரிச்சு வைச்சு, 'இந்த ஊருக்கு வந்து வெளிச்சத்தைக் குடிச்சது ஆர்?' எண்டு கேப்பாங்கள்."

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஒழுங்கையில் மின்சாரசபை வாகனம் திரும்பினால், முதல் காண்கிறவன் விசில் அடிப்பான். அடுத்த நிமிடம் ஒழுங்கை முழுவதும் கம்பியில் கொளுவிய கொக்கிகள் கழன்று, விளக்குகள் நூர்ந்து இருளாகி, ஆட்கள் எல்லாரும் ஓலை விசிறியோடு வாசலில் நிற்பார்கள். கொக்கி போடாத நல்ல மனிதரும் நூர்த்துவிட்டுத்தான் நிற்பார். சட்டப்படி மீட்டர் வைத்திருந்த என் தகப்பனார்கூட வானொலியை நிற்பாட்டுவார். ஏன் என்று கேட்டால், "வாறது மின்சாரசபை" என்பார். அதற்குமேல் விளக்கம் இல்லை.

அந்த விசில் எனக்குள் இப்போது அடித்தது.

திங்கள் காலை நீல உடுப்புப் போட்ட ஒரு மனிதர் வந்தார். மின்சாரக் கந்தோரின் தொழில்நுட்பர். நெடுத்தவர், பூனைபோல மெதுவாக நடப்பவர். நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் பக்கத்தில், மீட்டர்களுக்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பெட்டியைப் பொருத்தினார். கண்ணாடிக்குள்ளே தாள் சுருள் ஒன்று மெல்ல நகர்ந்தது. அதன்மேல் ஒரு பேனா தன்பாட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தது. பூட்டி, ஈய முத்திரை வைத்துவிட்டுப் போனார். நான் படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். என் மூச்சுக்கும் பேனா அசையுமோ என்று ஒரு யோசனை.

மேலே ஓடினேன். "அண்ணை, எல்லாத்தையும் கழட்டுங்கோ."

"எல்லாத்தையுமோ? விளக்கு?"

"நூருங்கோ."

"அடுப்பு?"

"அதுதான் பெரிய கள்ளன்."

"டேய், அடுப்பில்லாமல் என்னத்தைத் தின்னுறது?"

"பாண் இருக்கு, வாழைப்பழம் இருக்கு, சீஸ் இருக்கு. மூண்டு கிழமையில எனக்கு விசாரணை அண்ணை."

அண்ணை நல்ல மனிதர். விசாரணை என்ற சொல்லுக்குப் பிறகு அவர் வாதாடவில்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் வயரைப் பிடுங்கும்போது, "நீ இந்த நாட்டைவிட்டுப் போனாலும் பறவாயில்லைப் போல கிடக்கு" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அந்தக் கிழமை நாங்கள் வாழ்ந்த சீரைச் சொல்கிறேன். பால் யன்னல் விளிம்பில். பாணுக்குள் சீஸ், சீஸுக்குமேல் மிளகாய்த்தூள். தண்ணீர் சூடாக்கும் கொதிகலனுக்குச் சுவிட்ச் ஓஃப். குளிக்கும்போது நான் தேவாரம் பாடினேன். பக்தியால் அல்ல, பல் கிட்டாமல் இருக்க. பின்னேரங்களில் யன்னலோரம் ஒரு மெழுகுதிரி. அதன் வெளிச்சத்தில் நான் விசாரணைக்குச் சொல்லவேண்டியதைப் பாடமாக்கினேன். எதிரில் அண்ணை, ஊமைபோல் நின்ற தன் கிறைண்டரைப் பார்த்தபடி, ஒரு துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை எங்களுக்கு உடுப்புத் தோய்க்கும் முறை. அந்தக் கட்டடத்தில் தோய்க்கும் இயந்திரம் எல்லாருக்கும் பொது. எந்த நாள் யாருக்கு என்று நிலவறைக் கதவில் அட்டை தொங்கும். அந்த முறையை விட்டவர் அந்த வீட்டுச் சரித்திரத்திலேயே இல்லை. நாங்கள் விட்டோம். குளியல் தொட்டியில் உடுப்பைப் போட்டு, காலால் மிதித்துத் தோய்த்தோம். நான் மிதிக்க அண்ணை பிழிந்தார். "சுவிஸுக்கு வந்து வண்ணான் ஆனோம்" என்றார். "சத்தம் போடாதேங்கோ" என்றேன். சத்தத்துக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

தினமும் இரண்டு தரம் நிலவறைக்குப் போய்ப் பேனாவைப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. இடைக்கிடை ஒரு சின்னச் சிலிர்ப்பு, அவ்வளவுதான். சனிக்கிழமையும் வந்தது. ஒன்றரை மணி ஆனது. கல் சுழலவில்லை. கோடு, நல்ல பிள்ளையின் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் இருந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

கீழ்வீட்டு அம்மா. அறுபது வயது, கண்ணாடி, கழுத்தில் தையல்காரரின் அளவு நாடா. வீட்டில் இருந்தே உடுப்புத் திருத்திக் கொடுப்பவர். கையில் மூடி போட்ட பெரிய சட்டி. முகத்தில் துக்கம். எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்.

"ஆறு நாளாக விளக்கு இல்லை, மெழுகுதிரி மட்டும். சமைக்கிற வாசனை இல்லை. புதன்கிழமை தோய்க்கவும் வரவில்லை. உங்கள் நாட்டில்... வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?"

நான் பதில் சொல்ல முன்னரே சட்டியின் மூடி சற்று விலகியது. பார்லி சூப். ஆறு நாள் வீட்டில் சூடான சாப்பாடு காணாத அண்ணையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. அந்த அம்மா சட்டியை என் கையில் தந்துவிட்டு அண்ணையின் தோளைப் பிடித்தார்.

"தாயா?" என்று கேட்டார்.

"அண்ணை, அழாதேங்கோ, தாயோ எண்டு கேக்கிறா."

"ஆர் செத்தாலும் பறவாயில்லை, சூப்பை ஆறவிடாதை எண்டு சொல்லு."

இதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. இந்த நாட்டு வழக்கப்படி கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு அந்த மனுசி துக்கத்துக்கு வந்துவிடுவார்போல் இருந்தது. கிறைண்டரைக் காட்டினேன். விளக்கைக் காட்டினேன். கையால் சுழற்றிக் காட்டினேன். நாங்கள்தான் குற்றவாளிகள், ஆறு நாளாக எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டோம், இனி அரைக்க மாட்டோம், தயவுசெய்து என் ஃபைலுக்கு எழுதவேண்டாம் என்று எனக்குத் தெரிந்த அத்தனை ஜெர்மன் சொற்களையும் கொட்டினேன்.

அவர் முகத்தில் துக்கம் போனது. அதன் இடத்தில் வந்தது கோபம்.

"நிற்பாட்டிவிட்டீர்களா? சனிக்கிழமையுமா?"

"சனிக்கிழமையும்தான்" என்றேன், மன்னிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

"ஐயோ மனிதா!" என்று கதிரையில் இருந்துவிட்டார்.

பிறகு சொன்னார். இந்தத் தெரு, கேபிளின் கடைசி முனை. பழைய, மெல்லிய கேபிள். எங்கோ ஒரு மரம் அரிகிற வாள் ஓடினாலும் இங்கே விளக்கு நடுங்கும். அவருக்குக் கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கும்போது கண் வலிக்கும், தலை இடிக்கும். நாலு வருடமாக எழுதுகிறார். ஒவ்வொரு தரமும் கந்தோர்க்காரர் வந்து ஒரு மணிநேரம் அளப்பார்கள். அந்த ஒரு மணிநேரமும் வெளிச்சம் தேவதைபோல் நிற்கும். குறை இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். பிறகு நாங்கள் வந்தோம், கிறைண்டர் வந்தது. சனிக்கிழமை தவறாமல், ஒன்றரை மணிக்கு, கடிகாரம் வைத்ததுபோல் தெரு மங்கத் தொடங்கியது.

"எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?" என்றார். "அதனால்தானே ஏழு நாள் வையுங்கள், சனிக்கிழமை கட்டாயம் உள்ளே வரவேண்டும் என்று சண்டை பிடித்தேன். நீங்கள் என் சாட்சியைக் கொன்றுவிட்டீர்கள்!"

அண்ணைக்கு மொழிபெயர்த்தேன். அவர் சூப் கரண்டியை இறக்காமலே சொன்னார்: "கேட்டியோ? இந்தத் தெருவில நாங்கள் கள்ளர் இல்லையடா, கதாநாயகர். உன்ர விசரால ஆறு நாள் பாண் திண்டம்."

அன்று அரைக்க ஊறிய உழுந்து இல்லை; மறுநாள் ஞாயிறு, சத்தம் கூடாது. திங்கட்கிழமை நெடுத்த தொழில்நுட்பர் முத்திரையை உடைத்துத் தாளைச் சுருட்டி எடுத்தார். விரித்துப் பார்த்து, தலையை ஆட்டினார். "இருபது வருடத்தில் இவ்வளவு அழகான கோட்டை நான் கண்டதில்லை" என்றார். "இதைக் காட்டி யாரிடமும் புதுக் கேபிள் கேட்க முடியாது."

கீழ்வீட்டு அம்மா என் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். நான் மறுபடியும் ஒப்புக்கொண்டேன். அந்தக் கிழமையில் அது என் இரண்டாவது வாக்குமூலம். நல்ல பயிற்சிதான்.

அவர் மேலே வந்து கிறைண்டரைப் பார்த்தார். மோட்டாரைத் திறந்து, உள்ளே ஒரு சின்ன உருளையை விரலால் தட்டினார். "இந்தக் கப்பாசிற்றர்தான் மோட்டார் கிளம்பத் தோள் கொடுப்பது. இது செத்து எவ்வளவு காலமோ. தோள் இல்லாததால், கிளம்பும்போது மோட்டார் தெருவில் உள்ள மின்சாரத்தை எல்லாம் ஒரே இழுப்பில் இழுக்கிறது. தெருவும் மெலிந்த தெரு." சனிக்கிழமை புதியது கொண்டு வருவதாகச் சொன்னார். "ஆனால் முதலில் பழையதோடு ஒரு தரம் ஓட்டுங்கள். எனக்குத் தாளில் அந்தப் பள்ளம் வேண்டும்."

அந்தச் சனிக்கிழமைபோல் ஒரு சனிக்கிழமை அந்த வீடு கண்டதில்லை. மேலே அண்ணை, வெள்ளை வேட்டியோடு, இரண்டு மடங்கு உழுந்தோடு. நடுவில் கீழ்வீட்டு அம்மா, தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து, தொலைக்காட்சியைப் பார்த்தபடி. நிலவறையில் பெட்டிக்கு முன்னால் தொழில்நுட்பரும் நானும்.

"போடுங்கோ அண்ணை!" என்று கத்தினேன்.

"முருகா!" என்று மேலிருந்து பதில் வந்தது.

பேனா விழுந்தது. அது அப்படி விழும் என்று நான் நினைக்கவில்லை. கிணற்றுக்குள் வாளி போனதுபோல் போனது. நிலவறை விளக்கு சிவந்தது. "ஓடுகிறவன் ஒட்டடைக் கம்பு மாதிரி ஆகிவிட்டான்!" என்று அம்மாவின் குரல் படியால் இறங்கி வந்தது. மற்ற வீட்டுக் கதவுகளும் திறந்து யாரோ கை தட்டினார்கள். தொழில்நுட்பர் கண்ணை மூடி, பாட்டுக் கேட்பவர்போல் நின்றார்.

எனக்கு மட்டும் வியர்த்தது. அந்தப் பள்ளம் என் பெயரில் அல்லவா விழுந்திருக்கிறது?

"ஐயா," என்றேன், "இந்தத் தாள் வெளிநாட்டவர் பொலிஸுக்குப் போகுமோ?"

அவர் கண்ணைத் திறந்தார். சிரிக்கவில்லை. "எங்கள் தாளை எங்கள் கந்தோர்ப் பெரியவரே வாசிப்பதில்லை" என்றார். "அதற்காகத்தான் இவ்வளவு பெரிய பள்ளம் தேவைப்பட்டது."

பிறகு கப்பாசிற்றரை மாற்றினார். கல்லை வெறுமையாக ஓடவிட்டு, ஓட்டம் பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உழுந்தைப் போடச் சொன்னார். அண்ணை அப்படியே செய்தார். பேனா ஒரு சின்னக் குனிவு குனிந்து நிமிர்ந்தது. அடுத்த அரை மணிநேரத்தில் தொழில்நுட்பர் ஒன்பது வடை சாப்பிட்டார். போகும்போது தாளில் ஒரு முழம் கிழித்து என்னிடம் தந்தார்: ஒரு பக்கம் பெரிய பள்ளம், மறுபக்கம் சின்னக் குனிவு. "பயம் வந்தால் எடுத்துப் பாருங்கள்."

எனக்குப் பயம் வந்தது சரியாக ஒன்பது நாளுக்குப் பிறகு, விசாரணை அறையில். மூன்று மணிநேரம் கேள்வி. பாடமாக்கியதில் பாதி மறந்துபோனது. அது நல்லதுதான், மறக்காத பாதி உண்மை. கடைசியில் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர், எங்கள் ஊர்க்காரர்தான், அலுப்போடு திருப்பிச் சொன்னார்: "வேற ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேக்கிறார்."

இல்லை என்று சொல்லவேண்டியதுதானே? சொன்னேனா? என் கை தானாகவே சட்டைப் பைக்குள் போய்த் தாளை எடுத்து மேசையில் விரித்தது.

மொழிபெயர்ப்பாளர் எட்டிப் பார்த்துப் பதறினார். "தம்பி, இதென்ன, ஈ.சி.ஜி.யோ? நெஞ்சு வருத்தமோ? முந்தியே சொல்லியிருக்கலாமே!"

"வருத்தம் இல்லை. இது உழுந்து."

"உழுந்தோ?"

"ஓம். இந்தப் பள்ளம் பழைய கப்பாசிற்றர். இந்தக் குனிவு புதுசு. கீழ்வீட்டு அம்மா முறைப்பாடு எழுதினது என்னைப் பற்றி இல்லை, கேபிளைப் பற்றி. அதை அவருக்குச் சொல்லுங்கோ."

அவர் சொன்னார். அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது எந்த மாதிரி இயந்திரம் என்று கேட்டார். சொன்னேன். என்ன அரைப்பது என்று கேட்டார். சொன்னேன். வடைக்கு ஏன் நடுவில் ஓட்டை என்று கேட்டார். அந்த மூன்று மணிநேரத்தில் எனக்குப் பதில் தெரியாமல் போன ஒரே கேள்வி அதுதான். பிறகு தட்டச்சில் இரண்டு வரி அடித்தார். வழமைப்படி எழுதியதெல்லாம் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரிகள் இப்படி இருந்தன: "மனுதாரரிடம் மாவு அரைக்கும் இயந்திரம் ஒன்று உண்டு. அது இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது." நான் கீழே ஒப்பம் வைத்தேன்.

கேபிள் முதலில் வந்தது. அந்தக் கோடையில் தெருவைத் தோண்டி, கை மொத்தத்தில் ஒன்றைப் புதைத்தார்கள். கீழ்வீட்டு அம்மா கதிரை போட்டு இருந்து, கலியாண ஊர்வலம் பார்ப்பதுபோல் பார்த்தார். அண்ணை சனிக்கிழமைகளில் அரைக்கும்போது விளக்கு அசையவே இல்லை. கிறைண்டருக்கு மரியாதை குறைந்துவிட்டது என்று அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

என் விண்ணப்பத்தின் முடிவு இரண்டு வருடம் கழித்து வந்தது. இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அகராதியை மடியில் வைத்து, ஐந்து பக்கத்தையும் சொல் சொல்லாக வாசித்தேன். என் ஊர், என் வயது, நான் சொன்ன காரணங்கள், ஏன் நம்புகிறார்கள் என்பது, எல்லாம் இருந்தது. கிறைண்டரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.